உதிரக் கொடையின் கதை

அன்னதானம், வஸ்திரதானம், கோதானம், பூதானம், வித்தியாதானம் என எம் முன்னோர் தானங்களைப் பலவாக வகுத்து வைத்தனர். அவ்வரிசையில் இரத்ததானம் இல்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியின் கதை எம்மிடத்து உண்டு. தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரின் கதையும் உண்டு. ஆகவே இது கொடுக்கும் மனம் இல்லாமையால் நேர்ந்த குறை அன்று. கொடுத்ததைப் பெற்றவன் உயிர் பிழைக்கும் வழி அக்காலத்தில் அறியப்படவில்லை. ஒருவன் உடலில் ஓடுவது மற்றொருவன் உடலுக்கு ஒக்குமா, உடலை விட்டு வெளிவந்தபின் அது உறையாதிருக்குமா, அதனோடு நோயும் ஒட்டிச் செல்லாதிருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை காண மனிதகுலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டியதாயிற்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்போன்ற இளைஞர்க்கு இரத்ததான முகாம் புதிய காட்சியன்று. கோவில் மண்டபத்திலும் விகாரையிலும் பாடசாலையிலும் கட்டில்கள் வரிசையாய்ப் போடப்படும், தாதிமார் வருவர், கொடுத்தெழுந்தவர்க்குப் பிஸ்கற்றும் இனிப்பான பானமும் வழங்கப்படும். ஆயினும், அங்கே ஒருவர் கொடுத்த இரத்தம் அப்பால் எங்கே போகிறது, என்று எவருக்குப் பயன்படுகிறது எனக் கேட்டால் விடை சொல்லக் கூடியவர் சிலரே. கொடுத்தவுடன் அது பக்கத்து வைத்தியசாலையிலே துடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் உடலில் ஏறிவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு ஏறாதிருப்பதே இரத்ததானத்தின் வெற்றி. அஃது எவ்வாறு என்பதை அதன் வரலாறு கொண்டே காட்ட விரும்புகிறோம்.

இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டார். மிஷன் பாடசாலையின் உயிரியல் வகுப்பிலே ஹார்வியின் பெயரை நாம் மனனஞ் செய்தோம். அவருக்குப்பின் வந்த டெனியின் பெயரை எவரும் சொல்லித் தரவில்லை. சொல்லாததற்குக் காரணமும் இருக்கலாம். ஜோன் பப்ரிஸ்ற் டெனி என்ற பிரெஞ்சு வைத்தியர் 1667ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைப் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். ஏற்றிய அளவு சிறிது. அதனாற் பிழைத்தான் என்பதே இன்றைய விளக்கம். பின்னர் மனநோயுற்ற ஒருவனுக்குக் கன்றின் இரத்தத்தை ஏற்றினார். சாந்தமான பிராணியின் இரத்தம் மனிதனையும் சாந்தப்படுத்தும் என்பது அக்கால நம்பிக்கை. அம்மனிதன் 1668இல் இறந்தான். வழக்கு நடந்தது, மனைவியே நஞ்சிட்டாள் எனக் கூறி நீதிமன்றம் வைத்தியரை விடுவித்தது. ஆயினும் அச்செயல் பிரான்சிலே தடைப்பட்டது. இங்கிலாந்திலும் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் எவரும் அதைத் தொடத் துணியவில்லை.

மறுபடி தொட்டவர் இலண்டன் மாநகரின் ஜேம்ஸ் பிளண்டெல். அவர் பிரசவ வைத்தியர். பிள்ளை பெற்றவுடன் உதிரப்போக்கால் தாய்மார் கண்முன்னே மாண்டு போவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். மனிதனுக்கு மனிதனின் இரத்தமே ஆகும் எனத் துணிந்து, 1818இல் முதன்முதலாக மனித இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினார். பிரசவத்தின்பின் உதிரம் பெருகிய ஒரு பெண் அவர் முறையினாற் பிழைத்த செய்தி 1829இல் வெளியாயிற்று. ஆனால் அவர் செய்தவற்றில் ஏறக்குறையப் பாதியே கைகூடின. ஏன் சிலர் பிழைத்தனர், ஏன் சிலர் இறந்தனர் என்பது அவருக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் வியன்னா நகரத்துக் கார்ள் லாண்ட்ஸ்டைனர். தம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களின் இரத்தங்களையும் தம் இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்தார். சில கலவைகளில் செங்குருதிக் கலங்கள் தயிர்போலத் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இதைக்கொண்டு 1901இல் மனித இரத்தத்தை வகை பிரித்தார். இன்று ஏ, பீ, ஓ எனப்படும் வகைகள் அவர் கண்டவை. ஏபீ வகையை அடுத்த ஆண்டு அவருடைய தோழர்கள் கண்டனர். 1930இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1940இல் வீனர் என்பவருடன் சேர்ந்து ஆர்.எச். என்னும் கூறினையும் வெளியிட்டார். அவர் பிறந்த ஜூன் 14ஆந் திகதியே உலக இரத்ததானிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. எம் பிராந்தியத்துக்கும் இவ்விடயத்தில் ஒரு பங்குண்டு. இந்த நான்கிலும் அடங்காத ஓர் அரிய வகையை 1952இல் பம்பாயிலே டாக்டர் பெண்டேயும் அவர் துணைவரும் கண்டறிந்தனர். உலகமே அதனைப் பம்பாய் வகை என்று அழைக்கிறது. அவ்வகையினர்க்கு அவ்வகையினரே கொடுக்கலாம். எவருக்கும் ஆகும் என்று சொல்லப்படும் ஓ வகையும் அவர்க்கு ஆகாது.

இனிக் கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருகிறோம். வகை பார்த்தாலும் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஆதலால் கொடுப்பவனும் கொள்பவனும் ஒரே அறையில், ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் படுத்திருக்க வேண்டும். 1908இல் நியூயோர்க் நகரிலே அலெக்சிஸ் கரல் என்ற அறுவை வைத்தியர், ஒரு தந்தையின் கை நாடியை அவருடைய பச்சிளங் குழந்தையின் கால் நாளத்தோடு ஊசிநூல் கொண்டு தைத்து இரத்தம் பாயச் செய்தார். குழந்தை பிழைத்தது. என்னே அவர் கைத்திறன்! ஆனால் இப்படித் தைத்துத் தைத்து எத்தனை பேரைக் காப்பாற்றலாம்?

விடையாக வந்தது மிக மலிவான ஓர் உப்பு. சோடியஞ் சித்திரேற்று என்னும் அவ்வுப்பைச் சிறிதளவு சேர்த்தால் இரத்தம் உறையாது. 1914இல் பெல்ஜியத்தில் ஹஸ்ரினும் ஆர்ஜென்றீனாவில் அகோட்டேயும் அதைக்கொண்டு இரத்தம் ஏற்றினர்; எவ்வளவு சேர்த்தால் ஆபத்தில்லை என்பதை 1915இல் நியூயோர்க்கில் லூயிசன் வரையறுத்தார். அடுத்த ஆண்டு ரூஸ், ரேணர் இருவரும் குளுக்கோசும் சேர்த்தால் செங்குருதிக் கலங்கள் பல நாள் உயிரோடிருக்கும் எனக் காட்டினர். அறிவுலகம் இவர்களைப் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. எமது எண்ணத்தில், ஹார்விக்கும் லாண்ட்ஸ்டைனருக்கும் அடுத்த ஆசனம் இவர்களுக்கே உரியது. ஏனெனில் கொடுப்பவனையும் கொள்பவனையும் முதன்முதல் பிரித்து வைத்தவர்கள் இவர்களே. அந்தப் பிரிவினால் இடையிலே காலம் கிடைத்தது. அக்காலத்திலேதான் பரிசோதனை, பாதுகாப்பு, பங்கீடு ஆகிய எல்லாம் இன்று நடைபெறுகின்றன.

முதலாம் உலக யுத்தத்தின்போது 1917இல் ஒஸ்வால்ட் ரொபேட்சன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர், ஓ வகை இரத்தத்தைப் போத்தல்களிலே நிரப்பிப் பனிக்கட்டிப் பெட்டிகளில் வைத்துப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். சண்டை தொடங்குமுன்பே இரத்தம் காத்திருந்தது, உலகில் அதுவே முதன்முறை. யுத்தம் முடிந்ததும் அவ்வழக்கம் மறக்கப்பட்டது. 1921இல் இலண்டனில் பேர்சி ஒலிவர் என்ற செஞ்சிலுவைச் சங்க ஊழியர், தொலைபேசியில் அழைத்தால் எந்த நேரமும் வைத்தியசாலைக்குச் சென்று கொடுக்கக்கூடிய தொண்டர்களின் பட்டியலொன்றைத் தயாரித்தார். கூலி இல்லை. உலகின் தொண்டர் இரத்ததான இயக்கங்களுக்கு அதுவே வித்து. ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில், 1936 ஆகஸ்டு முதல் பார்சலோனா நகர வைத்தியர் துரான் ஜோர்தா ஆயிரக்கணக்கான நகர மக்களிடம் இரத்தம் பெற்று, பரிசோதித்து, குளிரூட்டிய வண்டிகளிலே அரகோன் போர்முனைக்கு அனுப்பினார். ஏறக்குறைய 9000 லீற்றர் சேர்த்தார் என்பர். 1937 மார்ச்சில் சிக்காகோ நகரத்துக் கூக் கவுண்டி வைத்தியசாலையிலே பேர்னாட் பாண்டஸ் ஒரு சேமிப்பு நிலையத்தைத் திறந்து, அதற்கு ‘இரத்த வங்கி’ எனப் பெயரிட்டார். பெயர் நிலைத்தது. பொருத்தமான பெயர்தானா என்பது ஐயமே. வங்கியில் இட்ட பணம் வட்டியோடு வளரும். இங்கே இட்டது நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவிலே ஒரு வெட்கக்கேடு நடந்தது. அங்கு இரத்தச் சேமிப்பு முறையைச் சீராக்கியவர்களுள் முதன்மையானவர் சாள்ஸ் ட்ரூ என்னும் கறுப்பின வைத்தியர். அதே நாட்டின் செஞ்சிலுவைச் சங்கம் 1941இல் கறுப்பினத்தவரின் இரத்தத்தை ஏற்க மறுத்தது; 1942இல் ஏற்றுக்கொண்டபோதும் வேறாக அடையாளமிட்டு வைத்தது. அவ்வழக்கம் 1950இலேயே கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே ட்ரூ மோட்டார் விபத்தொன்றில் இறந்தார். வெள்ளையர் வைத்தியசாலை இரத்தம் கொடுக்க மறுத்ததால் அவர் இறந்தார் என்று இன்றும் மேடைகளிற் பேசப்படுவதுண்டு. அது பொய்; அவருக்கு வேண்டிய சிகிச்சை அளிக்கப்பட்டது. உண்மையான அநீதி போதியதாயிருக்க, கட்டுக்கதை எதற்கு? அன்றியும், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் நடந்ததை நினைவில் வைத்திருக்கும் எம்மவர், அமெரிக்கரைப் பார்த்து அதிகமாகச் சிரிப்பதற்கில்லை. இன்று எமது நாட்டில் இரத்தப் பையின்மேல் வகையும் இலக்கமும் திகதியும் உண்டு. கொடுத்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, மொழி இல்லை.

மூன்றாவது கேள்வி நோய் பற்றியது. அதற்கே மிகப் பிந்தி விடை கிடைத்தது. இரத்தத்தின் வழியே மேகநோய் பரவும் என்பது முன்பே தெரியும். யுத்த காலத்தில் இரத்தமும் பிளாஸ்மாவும் பெற்ற போர்வீரர் பலருக்கு மாதங்கள் கழித்து மஞ்சட் காமாலை கண்டது. அதன் காரணங்களுள் ஒன்றான ஈரலழற்சி பீ வைரசின் அடையாளத்தை 1960களில் புளூம்பேர்க் என்பவர் கண்டுபிடித்தார். ஈரலழற்சி சீ வைரசு 1989 வரை பிடிபடவில்லை. இடையிலே எயிட்ஸ் வந்தது. எச்.ஐ.வி. உண்டா எனப் பார்க்கும் சோதனை 1985இல் கிடைக்குமுன் உலகெங்கும் இரத்தம் பெற்றோர் பல்லாயிரவர் அதற்கு இரையாயினர். இந்தியாவில் அந்நோய் இல்லை என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சொலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையிலே திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூரிற் சோதித்து, நோய் வந்துவிட்டது என நிரூபித்தனர். அன்று நிர்மலா ஆய்வு மாணவி. எம் வயதினர் இதைக் கவனிக்கலாம்.

நோய்க்கும் காசுக்கும் உள்ள தொடர்பும் வெளிச்சமாயிற்று. இரத்தம் விற்றுப் பிழைப்பவன் தன் நோயை மறைப்பான். உண்மை சொன்னால் அன்றைய சோறு இல்லை. தொண்டராய்க் கொடுப்பவருக்கு மறைக்கக் காரணமில்லை. ரிச்சட் ரிற்மஸ் என்ற ஆங்கில அறிஞர் 1970இல் இதனையே நூலாக எழுதினார். இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் அந்நாட்டில் இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. எமது நாட்டிலோ ‘உமது நோயாளிக்கு வேண்டுமானால் உமது ஆளைக் கொண்டுவாரும்’ என்னும் பதிலீட்டு முறையும் நெடுங்காலம் இருந்தது. அதையும் விட்டொழித்து, முற்றும் தொண்டர் கொடையாலேயே நடைபெறும் நிலையை இலங்கை 2014இல் எய்தியது. அவ்வாண்டு உலக இரத்ததானிகள் தினத்தின் தலைமை விழா கொழும்பிலேயே நடந்தது. அதன் விடயம், தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான இரத்தம் என்பது. பிளண்டெலின் ஆவி மகிழ்ந்திருக்கும்.

பதிலீட்டு முறை ஒழிந்தது ஏன் நல்லதென்று சிலர் கேட்பர். ‘சொந்த இரத்தம்’ என்பது எம்மவர்க்குப் பெரிய வார்த்தை. தாய்க்குப் பிள்ளை கொடுப்பதைக் காட்டிலும் மேலானது உண்டோ? 1977இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ என்ற ஹிந்திப் படத்திலே, மூன்று மதத்தவராய் வளர்ந்த மூன்று புதல்வர் ஒருங்கே படுத்துக் குழாய் வழியாகத் தாய்க்கு நேரே இரத்தம் கொடுக்கும் காட்சி உண்டு. கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். வைத்திய சாஸ்திரமோ வேறு சொல்கிறது. நெருங்கிய உறவினரின் இரத்தத்திலுள்ள சில வெண்கலங்களை நோயாளியின் உடல் அந்நியம் என்று அறியாது விட்டுவிடும். அவை உள்ளே பெருகி, நோயாளியின் உடலையே தாக்கும். அரிதாயினும், வந்தால் உயிர் தப்புவது கடினம். ஆகவே உறவினர் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே ஏற்றுவர். மேலும், உறவுக்காக இழுத்து வரப்பட்டவன், தன்னைப்பற்றிய உண்மையைத் தாதியிடம் சொல்லிப் பின்வாங்க முடியாமற் போகலாம். வாசலிலே மாமனும் மச்சானும் நிற்பார்கள்.

தமிழ்நாட்டிலே 2018இல் நேர்ந்த துன்பத்தை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. விருதுநகர் மாவட்டத்திலே ஓர் இளைஞன், இருபது வயது நிரம்பாதவன், 2016இல் ஒரு முகாமிலே இரத்தம் கொடுத்தான். அதில் எச்.ஐ.வி. இருப்பது சோதனையிலே தெரிந்து இரத்தம் அகற்றப்பட்டது. ஆனால் அவனுக்குச் செய்தி சொல்லப்படவில்லை. தன் நிலை அறியாத அவன் 2018 நவம்பர் இறுதியில் உறவினர் ஒருவருக்காகச் சிவகாசியில் மறுபடியும் கொடுத்தான். இம்முறை சோதனை தவறியது. டிசெம்பர் 3ஆந் திகதி சாத்தூர் அரசினர் வைத்தியசாலையில் அவ்விரத்தம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான வைத்தியப் பரிசோதனையிலே உண்மை அறிந்த இளைஞன், தானே ஓடிவந்து வைத்தியசாலைக்கு அறிவித்தான். காலங் கடந்துவிட்டது. அவன் நஞ்சருந்தி அம்மாத முடிவில் இறந்தான். அப்பெண்ணுக்கு நோய் தொற்றிவிட்டது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்றவில்லை எனப் பின்னர் தெரிந்தது. இதில் மிக நேர்மையாக நடந்தவன் அவ்விளைஞனே என்பது எம் கருத்து. ஒரு கடிதமோ, ஒரு தொலைபேசி அழைப்போ 2016இல் அவனைச் சென்றடைந்திருந்தால் இரண்டாம் முறை அவன் கையை நீட்டியிருக்க மாட்டான். இரத்தத்தைக் காப்பது குளிர்ப்பெட்டி மட்டுமன்று, பதிவேடும்தான்.

அப்பதிவேடு தொடங்குமிடம் முகாமின் வாசல். இலங்கையில் 18 வயது நிரம்பியவர், தேக சுகம் உள்ளவர், அடையாள அட்டையோடு செல்ல வேண்டும்; முன்னர் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். ஒரு நீண்ட வினாத்தாளைத் தருவர். சில வினாக்கள் மானத்தைத் தொடும். அவற்றைக் கண்டு சினப்பவரும், சும்மா ‘இல்லை’ என எழுதுபவரும் உண்டு. சோதனைச்சாலை இருக்க வினா எதற்கு எனலாம். கிருமி உடலிற் புகுந்து சில நாட்கள், சில வேளை சில வாரங்கள் வரை எந்தச் சோதனைக்கும் அகப்படாது. அந்த இடைக்காலத்தில் மனிதனின் வாய்மை ஒன்றே காவல். தனக்கு நோய் உண்டோ என இலவசமாக அறிய எண்ணி இரத்தம் கொடுக்கப் போவது பெரும் பிழையாவதும் இதனாலேதான். அவ்வையம் உள்ளவர்க்கு வேறு வைத்திய நிலையங்கள் உண்டு.

பின்னர் விரல் நுனியில் ஒரு துளி. மயில்துத்தக் கரைசலிலே அத்துளியை விடும் எளிய முறை பல முகாம்களிற் கையாளப்பட்டு வந்தது. துளி தாழ்ந்தால் இரத்தத்தில் இரும்புச் சத்துப் போதும். மிதந்தால் வீட்டுக்குப் போய் முருங்கையிலை சாப்பிட வேண்டியதுதான். கட்டிலிற் படுத்தபின் பத்து நிமிடங்களுக்குள் ஏறக்குறைய 450 மில்லிலீற்றர் பையினுள் இறங்கும். ஊசியும் குழாயும் பையும் ஒருவருக்கு மட்டுமே. வேறொருவருக்கு அவை பயன்படா. ஆதலாற் கொடுப்பவருக்கு நோய் தொற்றும் என்ற அச்சம் வீண். முற்காலத்துக் கண்ணாடிப் போத்தலுக்குப் பதிலாக இப்பிளாஸ்ரிக் பை 1950 அளவில் அமெரிக்காவிலே வோல்ற்றர், மர்பி என்போரால் உருவாக்கப்பட்டது. ஒன்றோடொன்று இணைந்த பைகளாக இருப்பதால், காற்றுப் படாமலே இரத்தத்தைக் கூறுகளாகப் பிரிக்க முடிகிறது.

இதன்மேல் நடப்பது எம் கண்ணுக்குத் தெரியாதது. பைகள் குளிர்ப்பெட்டியில் இரத்த வங்கிக்குச் செல்லும். மாதிரிக் குழாய்களிலுள்ள இரத்தத்தில் வகை பார்க்கப்படும், எச்.ஐ.வி., ஈரலழற்சி பீ, சீ, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தும் தேடப்படும். மலேரியா இலங்கையை விட்டு நீங்கியதென உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தபோதிலும், பிற நாடு சென்று வருவோர் உண்டல்லவா? முடிவு வரும்வரை பைகள் ஒதுக்கி வைக்கப்படும். சுழல்பொறியிலே சுற்றும்போது செங்குருதிக் கலங்கள் அடியிலும் பிளாஸ்மா மேலுமாகப் பிரியும். கலங்களை 2 முதல் 6 பாகை செல்சியசுக் குளிரில் வைப்பர். சேர்க்கும் கரைசலுக்கேற்ப 35 அல்லது 42 நாட்கள் தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டுவரை இருக்கும். சிறுதட்டுக்களோ பிடிவாதமானவை, குளிரிற் கெடும், அசையாதிருந்தாலும் கெடும். அறைக் குளிர்ச்சியில் ஓயாது தாலாட்டும் பொறியில் வைத்தாலும் ஐந்து நாட்களே. ஈற்றில், நோயாளியின் இரத்தத்தோடு பையிலுள்ளதைச் சேர்த்துப் பொருத்தம் பார்த்து, கட்டிலருகே பெயரையும் இலக்கத்தையும் மறுபடி ஒப்பிட்டு ஏற்றுவர். இன்று இரத்தமேற்றலில் நேரும் விபத்துக்களிற் பல, கிருமியால் அன்றி, ஒருவர் பையை மற்றொருவருக்கு மாற்றி ஏற்றுவதாலேயே நேருகின்றன.

இவ்வளவும் அறிந்தபின் 2019 ஏப்ரல் 21ஆந் திகதியை நினைத்துப் பார்க்கலாம். புத்தாண்டு கழிந்து சரியாக ஒரு வாரம். உயிர்த்த ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் அங்கிருந்து கூப்பிடு தூரம். கிறிஸ்தவர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றும் தலம் அது. நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் அதே காலையில் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றோர் நூற்றுக்கணக்கினர். செய்தி பரவியதும் மக்கள் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்துக்குத் திரண்டனர். வரிசை நீண்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லோரும் நின்றனர். கையிருப்பில் இரத்தம் போதியளவு உண்டு என்று பின்னர் அறிவிக்கப்பட்டது.

அவ்வறிவிப்புக்கு நாம் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை. வரிசையிலே நின்றவர் கொடுத்த இரத்தம், சோதனையும் பிரிப்பும் முடியாமல் அன்று காலை எவருக்கும் ஏறியிருக்க முடியாது. அன்று சத்திரசிகிச்சை அறைகளிலே ஏறிய செங்குருதிக் கலங்கள், மார்ச் 10ஆந் திகதிக்கும் குண்டு வெடித்த நாளுக்கு முந்திய நாளுக்கும் இடையில், அதாவது கடந்த ஆறு வாரங்களுக்குள், ஏதோ ஒரு விகாரையிலோ பாடசாலையிலோ மண்டபத்திலோ எவ்விதப் பரபரப்பும் இன்றி யாரோ கொடுத்தவை. அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. தாம் கொடுத்தது அக்காலையிற் பயன்பட்டதென்று அவர்களுக்கே தெரியாது. 2001 செப்டெம்பர் 11க்குப் பின் அமெரிக்காவிலும் இவ்வாறே நடந்தது. வழமைக்கு மேலாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பைகள் சேர்ந்தன. காயமுற்றோர்க்குத் தேவைப்பட்டவை 260க்கும் குறைவு. மிகுதியிற் பெருந்தொகை நாட்கடந்து வீசப்பட்டது.

எமது சங்கங்களுக்கு இவ்விடத்திலே ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டு விழா, குருபூசை, நினைவு நாள் என எல்லோரும் ஒரே மாதத்திலே முகாம் வைக்கிறோம். வெசாக் காலத்தில் பௌத்த விகாரைகள் எங்கும் முகாம்களே. நாற்பத்திரண்டு நாட்களில் அவை காலாவதியாகும். மழைக்காலத்திலும் பரீட்சைக் காலத்திலும் நீண்ட விடுமுறைகளிலும் அலுமாரி மெலியும். குருநாகலில் தலசீமியா நோயுற்ற பிள்ளைகளுக்கோ விழாக்காலம் என்று ஒன்றில்லை. மாதந் தவறாமல் இரத்தம் ஏற வேண்டும். இலங்கையில் ஆண்டொன்றுக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பைகள் சேர்கின்றன. அவற்றிற் பெரும்பகுதி இத்தகைய நடமாடும் முகாம்களிலேதான். வெள்ளவத்தைச் சங்கம் ஒரு மாதத்தையும், பம்பலப்பிட்டிச் சங்கம் அடுத்த மாதத்தையும், கொட்டாஞ்சேனைச் சங்கம் அதற்கடுத்ததையும் எடுத்துக்கொள்வது கடினமான காரியமன்று. இரத்த வங்கி உத்தியோகத்தரிடம் எந்த மாதம் வறண்டது என்று முதலிற் கேட்டு, பின்னர் மண்டபத்துக்கு நாள் குறிக்கலாம். பொன்னாடையும் நீண்ட சொற்பொழிவும் இல்லாத முகாமுக்கும் கூட்டம் வருமா என்பதையும் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஏப்ரல் 21ஆந் திகதி நாரஹேன்பிட்டியில் எடுக்கப்பட்ட பைகள், எத்தனை நீண்ட காலம் தாங்கக்கூடியவையாயினும் ஜூன் 2ஆந் திகதிக்கு மேல் பயன்படா. அன்று கொடுத்தவர்கள் ஆகஸ்டு 21ஆந் திகதி முதல் மறுபடியும் கொடுக்கத் தகுதி பெற்றனர். அன்று புதன்கிழமை, விசேட தினம் எதுவுமில்லை.